‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பதும் ஆணவம்தான்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது முப்பத்தொன்று. அப்பா லுங்கித் தறி ஓட்டியவர். இவர் பொறியியல் படித்தார், நாலு அரியரை ஒருவழியாக முடித்தார், இப்போது ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மூன்று இடத்தில் பெண் வீட்டார் சம்பளம் பத்தாது என்று கைவிரித்துவிட்டார்கள். “அம்மா சொன்னதற்காக ஒன்பது வாரம் கோயிலுக்குப் போனேன். உள்ளே இருக்கும்போது மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் போய்விடுகிறது. எதற்கும் லாயக்கில்லாதவன் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. ஆன்மிகத்தால் ஒருவனுக்குத் தன்மதிப்பும் நிம்மதியும் வருமா? இல்லை, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதா?” இதுதான் கேள்வி.

வரும் தம்பி. ஆனால் நீங்கள் கேட்கிற விதத்தில் கேட்டால் வராது. நானும் அப்படிக் கேட்டு ஏமாந்தவன்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். பதவி உயர்வுத் தேர்வை மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் போயிற்று. லெட்ஜரில் தப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பையன், எட்டு வருடம் கழித்து எனக்கே மேனேஜராக வந்தான். நல்ல பையன். கடைசி நாள்வரை என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிடக் கூப்பிட எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சமயத்தில் விரிஞ்சிபுரம், திருவலம், ரத்தினகிரி, சோளிங்கர் என்று நான் ஏறாத படி கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே மனுதான்: என்னை ஒரு ஆளாக்கு. சாமியிடம் போய் நான் கேட்டதும் ஒரு பதவி உயர்வுதான். தேர்வுக் கமிட்டியை மாற்றினேன், அவ்வளவுதான்.

உங்கள் ஒன்பது வாரமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோயிலுக்குள் நீங்கள் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள், அதனால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்தவன் காரில் போவதைப் பார்த்ததும் மனு தள்ளுபடியாகிவிட்டது போல இருக்கிறது. அளக்கிற கோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. கோயிலுக்குள்ளும் அதைக் கொண்டுபோனீர்கள், வெளியே வரும்போதும் கொண்டுவந்தீர்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ஆணவம். நம் பேச்சில் அதற்குத் திமிர் என்று பொருள். “அவனுக்கு ரொம்ப ஆணவம்” என்றால் தலைக்கனம் பிடித்தவன். ஆனால் சைவ சித்தாந்தத்தில் அந்தச் சொல் வந்த வழியே வேறு. அணு என்ற சொல்லிலிருந்து பிறந்தது ஆணவம். உயிர் இயல்பில் பரந்தது. அதைப் பிடித்து அணுவளவாகச் சுருக்கிக் காட்டுகிற அழுக்குக்குப் பெயர் ஆணவ மலம். செம்பில் களிம்பு போல அது உயிரோடு அனாதியாக ஒட்டிக்கொண்டிருப்பது என்பார்கள். அப்படியானால் ‘நான்தான் பெரியவன்’ என்பது எந்தக் களிம்போ, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்பதும் அதே களிம்புதான். இரண்டிலும் மனசு ராத்திரி பகலாக ‘நான், நான்’ என்று தன்னையே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்றில் தராசு மேலே போகிறது, இன்னொன்றில் கீழே போகிறது. கடை ஒன்றுதான்.

14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் இதை இன்னும் நுட்பமாகச் சொன்னார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் ‘இது இருட்டு’ என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடக்கணக்காக என் தாழ்வு மனப்பான்மையை நான் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ‘நமக்கெல்லாம் எதுக்கு சார்’ என்று பின்வாங்குவதை அடக்கம் என்று நினைத்தேன். அது தன்னைக் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்த ஆணவம்.

உடனே ஒரு கேள்வி வரும், வரவேண்டும். அடியார்களே ‘நாயேன்’, ‘அடியேன்’ என்றுதானே பாடியிருக்கிறார்கள்? மாணிக்கவாசகர் ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ என்கிறார். ஏற்கெனவே தன்னை மட்டமாக நினைக்கிறவன் இதைப் பாடினால் இன்னும் மட்டமாகிவிட மாட்டானா? நியாயமான பயம். ஆனால் அந்த வரியைப் பாதியில் நிறுத்தக்கூடாது. நாயிற் கடையானவனுக்குத் ‘தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’ என்று அது முடிகிறது. சேற்றில் விழுந்துவிட்டு வந்த பிள்ளை “பாரும்மா, எப்படி ஆயிட்டேன்” என்று காட்டுகிற குரல் அது. அம்மா துணியைத் துவைக்கப்போகிறாள் என்று தெரிந்த பிள்ளைதான் அப்படிக் காட்டும். இன்னொன்று, இவர்கள் நாயேன் என்று சொன்னது சாமியிடம் மட்டும்தான். பல்லவ அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அப்பர் ‘நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்’ என்றார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். சாமியிடம் உரிமையோடு சண்டை போடுகிறோம். பெண் வீட்டாரிடமும் சூப்பர்வைசரிடமும் நாயேன் என்று நிற்கிறோம்.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வள்ளிமலை சுவாமிகள். இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல்காரர். குடும்பத்தில் சாவு மேல் சாவு, தீராத வயிற்றுவலி வேறு. பழனிக்குப் போன இடத்தில் திருப்புகழ் காதில் விழுந்தது. அவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நடு வயதில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, அந்தச் சந்தச் சிக்கலையெல்லாம் நாக்குக்குப் பழக்கினார். திருவண்ணாமலையில் சேஷாத்ரி சுவாமிகள் அவரை வள்ளிமலைக்குப் போகச் சொன்னார் என்பது அவரைச் சேர்ந்தவர்கள் சொல்லும் வரலாறு. வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 1950இல் மறைந்தார்.

அவர் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது திருத்தணி படித் திருவிழா. வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி 1 வந்தால், உத்தியோகத்தில் இருந்த நம் ஆட்கள் எலுமிச்சம்பழமும் மாலையும் எடுத்துக்கொண்டு துரை வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். துரை எப்போது வெளியே வருவார், நம் முகம் அவர் கண்ணில் படுமா என்று காத்திருக்க வேண்டும். இதைப் பார்த்த சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலைமேல் இருக்கிறார், போய் அவரைப் பாருங்கள் என்று டிசம்பர் 31 ராத்திரி ஜனங்களைத் திருப்புகழ் பாடிக்கொண்டே படியேற வைத்தார். 365 படி, வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று கணக்கு. இன்றைக்கும் நடக்கிறது. பார்த்தால் பக்திக் காரியம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் எலுமிச்சம்பழத்தோடு துரை வாசலில் கூனி நின்ற முதுகை அவர் நிமிர்த்திவிட்டார். யாரையும் ‘நீ பெரியவன்’ என்று அவர் புகழவில்லை. நிற்கிற வாசலை மாற்றிவிட்டார்.

உங்கள் துரை யார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தத் தேர்வுக் கமிட்டி. உங்களுக்கு யாரோ மூன்று குடும்பம், அதில் இரண்டு குடும்பத்தின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

சரி, கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு என்ன என்பீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது தடவை தேர்வில் போன வருடம், கூட வேலை பார்த்தவர் ஒருவர் கிருத்திகை அன்று வள்ளிமலைக்கு இழுத்துக்கொண்டு போனார். காட்பாடியில் பஸ் ஏறி, காற்றில் வேப்பம்பூ வாசனை அடிக்கிற மாதம். மேலே ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாட வராது, குரல் அப்படி. நடுவில் இருந்த பெரியவர், தையல்காரராக இருந்தவர், என் கையில் ஒரு ஜோடி ஜால்ராவைத் திணித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீசில் ஜால்ரா அடிக்கத் தெரியாததால்தான் நான் இந்தக் கதிக்கு ஆளானேன்.

திருப்புகழ்த் தாளம் நாம் சினிமாப் பாட்டுக்குத் தட்டுகிற தாளம் கிடையாது. இரண்டரை, மூன்றரை என்று நடுவில் ஒடிந்து போகும். கயிற்றை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்ள வேண்டும். இறுக்கிச் சுற்றினால் விரல் நீலமாகிவிடும், தளர்த்தினால் வட்டு நழுவும். விளிம்போடு விளிம்பு பட்டால் ‘ணங்’ என்று நீளும், முழுசாக மூடினால் ‘சக்’ என்று அடங்கும். மூன்றாவது பாட்டில் நான் ஒரு அடியை விட்டேன். விட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? நிறுத்திவிட்டேன். முகம் சூடாகிவிட்டது. எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒருவர்கூடப் பார்க்கவில்லை, பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் மட்டும் பாடிக்கொண்டே என் பக்கம் குனிந்து, “விட்டதை விடுங்க சார். அடுத்ததைப் பிடிங்க” என்றார்.

அன்றைக்கு அப்புறம் எத்தனை அடி விட்டேனோ, கணக்கில்லை. ஆனால் ஒரு முக்கால் மணி நேரம் நான் எப்படிப்பட்டவன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பாட்டுக்கு ஒரு ஜால்ரா தேவைப்பட்டது, அது என் கையில் இருந்தது. நீங்கள் தன்மதிப்பு என்று எதைத் தேடுகிறீர்களோ, அது எனக்கு முதல்முதலாகக் கிடைத்தது, அதைத் தேடவே மறந்திருந்த அந்த நேரத்தில்தான். இறங்கி வந்தபோது பழைய நினைப்பு திரும்ப வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லாமலும் நான் இருக்க முடியும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டேன் இல்லையா?

இனி நிம்மதி. பஸ் ஸ்டாண்டில் அது கரைந்துபோவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அமைதி இடத்தில் இருக்கிறது என்று நினைத்தால், இடத்தை விட்டு வந்ததும் விட்டுப்போகும். திருமலைக்கோடியில் பொற்கோயில் நட்சத்திரப் பாதையில் நடக்கும்போது மனசு லேசாகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்குக் கூட்டம் ஆகாது, அதனால் அங்கே மனசைவிடக் கால்தான் பேசுகிறது. அது என் குறை. எந்த இடமானாலும், அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு சின்னப் பழக்கம் வேண்டும்.

அதற்குச் சோளிங்கரை உதாரணம் சொல்வேன். திவ்ய தேசப் பெயர் திருக்கடிகை. கடிகை என்றால் நாழிகை, 24 நிமிடம். ஒரு கடிகை நேரம் அங்கே இருந்தால் முக்தி என்பது தல மகிமை. பெரிய மலைக்கு 1305 படி ஏறினேன், இப்போது ரோப் கார் வந்துவிட்டது, அதை விடுங்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த அளவு. நாற்பது வருடம் தவம் செய் என்று கேட்கவில்லை, 24 நிமிடம் இரு என்கிறது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விடியற்காலை மொட்டை மாடியில், வேலூர் வெயில் ஏறுவதற்குள், ஒரு கடிகை. ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் ஒரே விதி. மனு கொடுக்கக் கூடாது. முருகன் அருணகிரிக்குச் சொன்ன ‘சும்மா இரு சொல்லற’ என்பதை நான் இந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது. முதல் மாதம் கொசுவும் கடன் ஞாபகமும்தான் வந்தன. வரட்டும்.

அந்த நேரத்தில் ‘நான் உருப்படாதவன்’ என்ற எண்ணம் வந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ‘இல்லை, நான் உருப்பட்டவன்’ என்று எதிர்வாதம் செய்தால் வழக்கு நீளும். 1896இல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்த அந்த மதுரைப் பையன், பிற்பாடு ரமண மகரிஷி, வந்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தது ஒரே கேள்வி: இந்த எண்ணம் யாருக்கு? எனக்கு. அந்த நான் யார்? இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. கேட்டவுடன் எண்ணத்தின் காலுக்குக் கீழே தரை கொஞ்சம் நழுவும், அது போதும்.

நீங்கள் குடியாத்தத்துக்காரர், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். வைகாசி முதல் நாள், தேங்காய் உடைபட்டுத் தெருவெல்லாம் ஈரமாகி, அந்தச் சிரசு ஆடி ஆடி வரும். கதை என்ன? ரேணுகை ஆற்றங்கரையில் பச்சை மணலிலேயே குடம் செய்து தண்ணீர் கொண்டுவருகிறவள். ஒரே ஒரு கணம் மனசு எங்கோ போனது, குடம் உடைந்தது. அந்த ஒரு கணத்துக்காகப் பெற்ற மகன் கையாலேயே தலை போயிற்று. திரும்ப உயிர் வந்தபோது தலை ஒட்டியது, ஊர் தாழ்ந்த சாதி என்று தள்ளிவைத்த பெண்ணின் உடலில். அந்தச் சிரசை அந்த உடலில் பொருத்திக் கண் திறக்கும் நேரத்துக்காகத்தான் லட்சம் பேர் வெயிலில் நிற்கிறார்கள். குடம் உடைத்தவள், சாதியில் கலந்தவள் என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவள் ‘தேறாதவள்’. தலையை வெட்டச் சொன்ன கணவர் ஜமதக்னி முனிவருக்கு ஊரில் யாரும் தேர் இழுக்கவில்லை. நாலு அரியரை நினைத்து நீங்கள் வெட்கப்படும்போது, வைகாசியில் உங்கள் தெருவில் யார் வருகிறாள் என்று நினைத்துப் பாருங்கள்.

வேலூர்க் கோட்டைக் கோயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. ஜலகண்டேஸ்வரர் 1981இல்தான் கோட்டைக்குள் திரும்பினார். அதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் கருவறை காலி. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. சின்னப் பையனாக அப்பாவோடு கோட்டைக்குப் போவேன். வவ்வால் நாற்றம், கல் தரை, உள்ளே வெறும் இருட்டு. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இருட்டைப் பார்த்துக் கும்பிடுவார். “உள்ளதான் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டால், “கோயிலுடா” என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்குத் தெரியாது. இப்போது எண்ணெய் விளக்கும் கூட்டமுமாக இருக்கும்போது போனாலும், என் கை அந்தப் பழைய இருட்டைத்தான் கும்பிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. தூக்கம் பல வாரமாக இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், அதற்குத் திருப்புகழும் கடிகையும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். நம் ஊரில் “பாகாயத்துக்கு அனுப்பணும்” என்று கிண்டல் செய்து செய்து அந்தப் பெயரையே அசிங்கமாக்கிவிட்டோம். 1957லிருந்து அங்கே வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் நடக்கிறது. நோயாளியைத் தனியாக அடைக்காமல் வீட்டு ஆளையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்க்கிற வழக்கம் கொண்ட இடம். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. சாமி கும்பிடுகிறவன் மாத்திரை சாப்பிட்டால் நம்பிக்கை குறைவு என்று எவனாவது சொன்னால், அவனுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பரிகாரம் செய்யாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன், அம்மா மனசு ஆறும். ஆனால் அம்மாவுக்காகப் போகிறபோது அம்மாவுக்காகவே போங்கள். அவர் மனுவை அவர் கொடுக்கட்டும். நீங்கள் திருவலத்து நந்தி மாதிரி இருங்கள். எல்லா ஊர் நந்தியும் சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். திருவலத்தில் அது சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, கஞ்சன் என்ற அசுரன் வராமல் காவலுக்கு. அதையும் யாரும் குறை சொன்னதில்லை.

வாய்ப்பிருந்தால் ஒரு கிருத்திகைக்கு வள்ளிமலைக்கு வாருங்கள் தம்பி. அந்தத் தையல்காரப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய ஜால்ரா என்னிடம்தான் இருக்கிறது, என்னுடையது உபரியாகக் கிடக்கிறது. கயிறு மட்டும் இற்றுப்போயிருக்கிறது, வருகிறபோது குடியாத்தத்திலிருந்து நல்ல தறி நூல் கொஞ்சம் எடுத்துவந்தால் முறுக்கிக் கட்டிவிடலாம்.